அந்தப் படத்தை நான் மாற்றமாட்டேன்

நிரு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போனபோது நான் வாசலில் நின்றும் கை காட்டவில்லை. நீ கவனித்தாயோ தெரியாது. கவனிக்கவேண்டும் என்றுதான் நின்றேன். கல்யாணத்துக்கு மூன்று கிழமை இருக்கிறபோது ஒரு தகப்பன் மகனுக்குக் கோபத்தோடு கடிதம் எழுதக்கூடாது என்று உன் அம்மா சொல்கிறார். கோபம் இருக்கிறபோது எழுதாமல் வேறு எப்போது எழுதுவது? ஆறின பிறகு எழுதினால் அது வாழ்த்து மடலாகத்தான் இருக்கும். அப்படி நூறு மடல் உனக்கு வரும். அதில் ஒன்றை நானும் எழுதவேண்டிய தேவையில்லை.

அன்று நீ ஆட்களின் பெயர்ப்பட்டியலோடு வந்தாய். அம்மா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீரைத் தொடவும் இல்லை. வேலையிடத்தில் வாடிக்கையாளரோடு கதைப்பாயே, அந்த மெதுவான குரலில், இங்கிலிஷில், இரண்டு விஷயம் கேட்டாய். ஒன்று, என் போனில் பெயருக்குப் பக்கத்தில் வருகிற படத்தைக் கல்யாணம் முடியும் வரைக்கும் மாற்றவேண்டும். மற்றது, தவம் அங்கிளைப் பொன்னுருக்குக்குக் கூப்பிடாமல் றிசெப்ஷனுக்கு மட்டும் கூப்பிடவேண்டும். ஒரு நாள் விஷயம்தானே அப்பா, இதைப் பெரிதாக்காதீர்கள் என்றாய். அம்மா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தார். அதனால்தான் நான் வாய் திறக்கவில்லை. இப்போது அம்மா வேலைக்குப் போய்விட்டார்.

அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? முழங்கால் தண்ணீரில் நான் நிற்கிறேன். கையில் ஒரு ரெயின்போ ட்ரவுட் மீன், முழங்கை நீளம்கூட இல்லாதது. பக்கத்தில் தவம் காற்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கிறார். இந்தப் படத்தை உனக்கு மாமியாராகப் போகிறவ, அபியின் அம்மா, பார்த்துவிட்டு உன்னிடம் கேட்டாவாம், "உவர் ஆர் தம்பி, அப்பாவோட நிக்கிறவர்?" நீ பெயரைச் சொன்னாய். "எந்த ஊர்?" ஊரைச் சொன்னாய். "ஊரில எந்தப் பக்கம்?" கடற்கரைப் பக்கம் என்று சொன்னாய். அதற்கு அவ "ஓ" என்றாவாம், பிறகு கதையை மண்டபத்து அலங்காரத்துக்கு மாற்றினாவாம். அவ்வளவுதான் நடந்தது. அந்த "ஓ"வுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் போயும் உனக்கு லகர ளகரம் பிடிபடவில்லை. இந்த ஒரு எழுத்து மட்டும் எப்படியடா உடனே பிடிபட்டது?

பொன்னுருக்கு எங்கள் வீட்டில், கிளென்ஃபீல்டில் நடக்கப்போகிறது. தாலிக்குப் பொன் உருக்குகிற அன்று சம்பந்தி வீட்டார் வந்து எங்களோடு ஒரே வரிசையில் இருந்து சாப்பிடுவார்கள். ஐம்பது பேர்கூட வரமாட்டார்கள். அந்த வரிசையில் தவம் இருக்கக்கூடாது. றிசெப்ஷன் என்றால் முந்நூறு பேருக்குள் அவர் எந்த மேசையில் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியப்போகிறது! இதுதானே நீ சொன்னது? இங்கிலிஷில் சொன்னதால் அது வேறு விஷயமாகிவிடாது. எங்கள் பழைய ஆட்கள் இதைவிட நேராகச் சொல்வார்கள். வாசலில் இருத்துவார்கள், வேறு குவளையில் தண்ணீர் கொடுப்பார்கள். நீ இருநூற்றெண்பதாம் நம்பர்க் கதிரை கொடுக்கிறாய்.

இன்னொன்றும் கேள். நிச்சயதார்த்தம் அன்று எப்சமில் அபி வீட்டு வரவேற்பறையில் அபியின் அப்பா என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? தன்னுடைய ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஒருவர், வெள்ளைக்காரர், ஒவ்வொரு லீவுக்கும் ஏரிப் பக்கம் போய், தூண்டிலில் இறகால் செய்த போலிப்பூச்சி கட்டி ட்ரவுட் பிடிக்கிறவராம். அது ஒரு தியானம் மாதிரியாம். ஓய்வு பெற்ற பிறகு தானும் பழகவேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள், நீயும் ஆட்டினாய். அதே பூச்சியை, அதே மீனுக்கு நான் போட்டால் மட்டும் படத்தை மாற்று என்கிறாய். வெள்ளைக்காரன் பிடித்தால் தியானம். தவம் பக்கத்தில் நின்று சிரித்தாலே சாதி! இதற்கு மேல் ஒரு வேடிக்கை என்னவென்றால், தவம் என் தூண்டில் தடியைக் கையால்கூடத் தொடுகிறவர் இல்லை.

தவம் யாரென்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். தெரியாது. நாங்கள் அகதியாக வந்து புக்கெகோஹியில் வாடகை வீட்டில் இருந்தபோது, வெங்காயம் தரம் பிரிக்கிற பெல்டில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் அவர். ஊரில் மூன்று வருஷம் கணக்குப் படிப்பித்தவன் என்று தெரிந்த நாள் முதல் என்னை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். வெங்காயத் தூசியில் கண் எரிய நின்ற என்னை ஒருவன் மாஸ்டர் என்று கூப்பிட்டது அப்போது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கு விளங்காது. மத்தியானம் அவருடைய சோற்றுப் பெட்டியிலிருந்து மீன் குழம்பைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டவன் நான். நீ பிறந்த அன்று விடியற்காலையில் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது அவருடைய பழைய வான். எங்களிடம் அப்போது கார் இல்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். இதை நான் அம்மாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. உனக்கு ஏழு வயதாக இருக்கும்போது இந்த வீட்டை வாங்கினோம். பால் காய்ச்சுகிற நாளுக்கு அம்மாவின் சொந்தக்காரர், கோயில் ஆட்கள், என்னோடு ஊரில் படித்தவர்கள் எல்லோரும் வருவதாக இருந்தது. அவர்களில் இரண்டு மூன்று பேர் தவத்தைக் கண்டால் அந்த "எந்தப் பக்கம்" கேள்வியைக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவரும் அதுவரை கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்ற பயம் மட்டும்தான். கூப்பிடாமல் விடவும் மனம் வரவில்லை. அதனால் உன் அப்பா, கணக்கு வாத்தியார், ஒரு கெட்டித்தனம் செய்தேன். தவத்துக்குப் போன் எடுத்து, அடுத்த ஞாயிறு பால் காய்ச்சுகிறோம், குடும்பத்தோடு வாருங்கள் என்று ஒரு கிழமை தள்ளிச் சொன்னேன்.

அவர் வந்தார். மனைவிக்குப் புதுச் சேலை, தனக்குப் புதுச் சேர்ட், கையில் பளபளவென்ற காகிதம் சுற்றிய பிறஷர் குக்கர். வாசலில் முந்தின கிழமை கட்டின பிளாஸ்டிக் தோரணம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. சுவரோரம் வாடகைக் கதிரைகள் திருப்பிக் கொடுப்பதற்காக அடுக்கியிருந்தன. நீ ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பார்ட்டி போன கிழமையே முடிந்துவிட்டது அங்கிள், நீங்கள் ஏன் வரவில்லை என்று கத்தினாய். தவம் கதிரைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு, "நான்தான் நாளை மாறி விளங்கியிட்டன் போல மாஸ்டர், குறை நினையாதையுங்கோ" என்றார். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டார், நிரு! நான் அதற்கும் ஆமாம் போட்டுவிட்டு, உன்னை அறைக்குள் போய் விளையாடு என்று அதட்டினேன். அன்று அந்த வீட்டில் உண்மை சொன்ன ஒரே ஆள் நீ. ஏச்சு வாங்கினதும் நீதான். அந்தக் குக்கரில்தான் அம்மா இன்றைக்கும் பருப்பு அவிக்கிறார்.

அதற்குப் பிறகு நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. தீபாவளிக்குப் போன், கோயிலில் கண்டால் தலையாட்டு, அவ்வளவுதான். வருஷக்கணக்காக அப்படியே போனது. நான் கவுன்சிலில் கணக்குப் பகுதிக்கு வேலை மாறினேன், சீனி வருத்தம் வந்தது, நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னார். கிளென்ஃபீல்டில் மோல் கடைகளைச் சுற்றி எத்தனை நாள் நடக்கிறது? அப்போதுதான் போனில் அந்த அமெரிக்க வீடியோக்களைப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற, ஒரே எட்டில் தாண்டக்கூடிய ஓடைகளில் நின்றுகொண்டு பாஸ் என்ற மீனை ஒரு இறகுப்பூச்சியால் ஏமாற்றிப் பிடிக்கிறார்கள். பிடித்து, கொஞ்சம் பார்த்துவிட்டு, திருப்பி விடுகிறார்கள். எனக்கு அது ஏனென்று தெரியாமல் பிடித்துப்போயிற்று. அந்தப் பாஸ் இந்த நாட்டில் இல்லை. ஆனால் புக்கெகோஹிக்கு அங்கால் மலைப்பக்கம் இருக்கிற சின்ன ஓடைகளில் ட்ரவுட் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். லைசென்ஸ் எடுத்தேன், பழைய சாமான் கடையில் ஒரு தடி வாங்கினேன், பின்வளவுப் புல்லில் நின்று நூல் வீசிப் பழகினேன். முதல் மாதம் நான் பிடித்ததெல்லாம் அம்மாவின் கொடியில் காய்ந்த உடுப்புகள்தான்.

பூச்சியும் நானே கட்டினேன். கோடையில் மரமெல்லாம் சில்வண்டு கத்துகிற காலத்தில், தண்ணீரில் விழுகிற வண்டுக்குத்தான் அந்த மீன் வாய் திறக்கும். பழைய ரப்பர்ச் செருப்பை வெட்டி உடம்பு செய்தேன். சிறகுக்கும் வயிற்றுக்கும் மயிலிறகு நல்லது என்றார்கள். மயிலிறகுக்கு நான் எங்கே போக? கராஜில் பழைய காவடியிலிருந்து இரண்டு இறகு பிடுங்கினேன். அம்மா கண்டுவிட்டார். "இஞ்சருங்கோ, உங்களுக்கு விசரே? முருகனுக்கு நேந்து எடுத்த காவடியில மீனுக்குத் தூண்டில் கட்டுறியளோ?" என்று மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. கந்தசஷ்டி முழுக்க விரதம் இருப்பேன் என்று சொன்ன பிறகுதான் சமாதானமானது. அந்தக் காவடிப் பூச்சியில்தான் என் முதல் மீன் ஏறியது. அதையும் சொன்னேன், இன்னும் இரண்டு நாள் கதைக்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முதல் நான் காலை முறித்தேனே, படியில் விழுந்ததாக உனக்குச் சொன்னோமே, அது படி இல்லை. அந்த ஓடையில் பாசிக் கல்லில் வழுக்கினேன். கால் முறிந்தது எனக்கே கேட்டது. போனில் ஒரு கோடுதான் சிக்னல். உனக்கு இரண்டு தரம் எடுத்தேன், நீ மீட்டிங்கில் இருந்தாய். அம்மா முதியோர் இல்லத்தில் வேலையில். பிறகு, கிட்ட இருக்கிற ஒரே ஆள் யார் என்று யோசித்து, வெட்கத்தை விட்டு, தவத்துக்கு எடுத்தேன். எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும்தான் கேட்டார். அரை மணித்தியாலத்தில் வேலைச் செம்மஞ்சள் அங்கியோடு ஓடை வழியாக நடந்து வந்தார். அறுபது வயது மனிதர், என்னை முதுகில் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறினார். "மாஸ்டர், சோத்தைக் குறைக்கச் சொல்லி டாக்குத்தர் சொல்லேல்லையோ?" என்று மூச்சிரைக்க இரைக்கக் கேட்டார். நோவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அவர் நோவென்று நினைத்தார்.

கால் சுகமான பிறகு அவர் என்னைத் தனியாகப் போகவிடவில்லை. ஒன்றுவிட்ட சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். பாதை தொடங்குகிற இடத்தில் சப்பாத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும், மண்ணோடு மரங்களுக்கு நோய் பரவாமல் இருக்க. நான் மேலோட்டமாகத் தேய்த்தால் திருப்பித் தேய்க்கச் சொல்வார். ஓடையின் பெயரை உனக்குச் சொல்லமாட்டேன், மீன் பிடிக்கிறவன் எவனும் சொல்லமாட்டான். தவம் கல்லில் இருந்துகொண்டு தண்ணீரைப் பார்ப்பார். "அந்தப் பெரிய கல்லுக்குப் பின்னால, நுரை சுத்துற இடத்தில போடுங்கோ மாஸ்டர்." போட்டால் இருக்கும். நான் மீனைத் திருப்பி விடும்போது, "இவ்வளவு பாடுபட்டுப் பிடிச்சு விடுறதுக்கு வீட்டில படுத்திருக்கலாமே" என்பார். நீங்களும் ஒருக்கால் வீசிப் பாருங்களேன் என்று தடியை நீட்டினேன். வேண்டாம் என்றார். "கடல் எங்களுக்குச் சோறு மாஸ்டர். சோத்தை வைச்சு விளையாட எனக்கு வராது." இந்த மனிதரோடு ஒரு வரிசையில் இருந்து சாப்பிட எப்சமில் இருக்கிறவர்களுக்குக் கூசுகிறதாம்!

பால் காய்ச்சின கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க அந்த ஓடையில் ஒரு நாள் வாயெடுத்தேன். "தவம், அந்த வீடு குடிபூரல்..." என்று தொடங்கினதுதான் தாமதம், "மாஸ்டர், கதைக்காதையுங்கோ, மீன் ஓடீடும்" என்று தடுத்துவிட்டார். மீன் ஒன்றும் அங்கே இருக்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும், முதல் நாளே தெரியும். இன்றுவரைக்கும் நான் அந்த மன்னிப்பைக் கேட்கவில்லை. உன் பொன்னுருக்கு அன்று எல்லோரும் பார்க்க, அவரை என் பக்கத்தில் இருத்தி, என் கையால் அவருக்குச் சோறு போடுவதுதான் நான் கேட்கப்போகிற மன்னிப்பு. இதைத்தான் நீ பட்டியலில் இருந்து வெட்டச் சொல்கிறாய். உன்மேல் எனக்கு வருகிற கோபத்தில் பாதி எனக்குச் சேரவேண்டியது என்று எனக்குத் தெரியும். உனக்கு இந்தப் பாடத்தை முதலில் படிப்பித்தவன் நான். அதற்காக மற்றப் பாதியை நான் விட்டுத்தரமாட்டேன். எனக்குப் பயம் இருந்தது, நாடில்லாமல் வந்தவன், ஆட்கள் விட்டுவிட்டால் யாருமில்லை என்ற பயம். உனக்கு என்ன பயம்? இங்கே பிறந்தவன், இங்கே படித்தவன், உன் சம்பளத்தில் நீயே மோர்ட்கேஜ் கட்டுகிறவன். ஒரு மாமி "ஓ" என்று சொன்னதற்கு இப்படி நடுங்குகிறாயே!

போன சனிக்கிழமையே, நீ வருவதற்கு முதல் நாள், ஓடைக்கரையில் வெற்றிலை வைத்து அவரைப் பொன்னுருக்குக்குக் கேட்டுவிட்டேன். "சம்பந்தி வீட்டார் ஆர் மாஸ்டர்?" என்றார். சொன்னேன். "நான் றிசெப்ஷனுக்கு வாறன் மாஸ்டர். அது காணும். பிள்ளையின்ர விஷயத்தில ஏன் சும்மா" என்றார். இதைக் கேட்டவுடன் உனக்கு நிம்மதியாக இருக்கும், அவரே சொல்லிவிட்டாரே என்று. இருக்கக்கூடாது. நாங்கள் வெட்கப்படக்கூடாது என்று அந்த மனிதர் தன்னைத்தானே வெளியே நிறுத்திக்கொள்கிறார். அதுவும் இரண்டாம் தரம்.

அதனால் இன்று காலை, அம்மா வேலைக்குப் போன கையோடு, எப்சமுக்குப் போன் எடுத்தேன். உன்னைக் கேட்காமல் எடுத்தது பிழை என்றால் பிழைதான், அதற்கு நீ என்னை ஏசலாம். அபியின் அப்பாதான் எடுத்தார். "அந்தப் படத்தில நிக்கிறவர் என்ர சிநேகிதன். நீங்கள் நினைக்கிற பக்கம்தான். பொன்னுருக்குக்கு என்ர பக்கத்தில இருந்து சாப்பிடுவார். உங்களுக்குக் கஷ்டமெண்டால் இப்பவே சொல்லுங்கோ" என்றேன். "நாங்கள் உதெல்லாம் பாக்கிறேல்லை, காலம் மாறீட்டுது" என்றார். நல்லது என்றேன். "ஆனா வீட்டில பெரியாக்கள் இருக்கினம், அவையளுக்கும் ஒரு மரியாதை..." என்று இழுத்தார். "நாங்கள் பின்னேரம் தம்பியோட கதைக்கிறம்" என்று வைத்துவிட்டார். அபிக்கு இதெல்லாம் தெரியுமோ தெரியாது. அந்தப் பிள்ளையிடம் நீ கேட்டாயா? உன்னுடைய பயத்தை அவளுடைய பெயரில் எழுதிவிடாதே.

இந்தக் கடிதத்தைப் படமெடுத்து இப்போதே உனக்கு அனுப்புகிறேன், பின்னேரத்துக்கு முதல் நீ வாசிக்கவேண்டும். அவர்கள் கூப்பிடுவார்கள். மிக மரியாதையாகத்தான் கதைப்பார்கள். அப்பாவுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கோ தம்பி என்பார்கள். கல்யாணம் நிற்கும் என்று ஒருவரும் வாயால் சொல்லமாட்டார்கள், ஆனால் அந்தப் பயம் உன் காதுக்குள் விழும். நின்றாலும் நிற்கலாம், நான் பொய் சொல்லமாட்டேன். அவர்களுக்கு என்ன சொல்லவேண்டும் என்று நான் உனக்கு எழுதித் தரப்போவதில்லை, என்ன சொன்னாய் என்று எனக்குப் போன் எடுக்கவும் தேவையில்லை. காரை எடுத்துக்கொண்டு புக்கெகோஹிக்குப் போ. தவத்தின் வீட்டுக் கதவைத் தட்டி, அவர் முகத்தைப் பார்த்து, எப்சமுக்குச் சொல்ல நினைத்திருக்கிற பதிலை முதலில் அவருக்குச் சொல். அவருக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை என்றால், அதை எப்சமுக்கும் சொல்லாதே.

அப்பா